கல்வெட்டின் மேல் டைல்ஸ்: திருப்பணி எது, அழிப்பு எது?

மாணிக்கவேல் (இழை தொடங்கியவர்)

அன்பர்களுக்கு வணக்கம். இப்போது ஊருக்கு ஊர் கும்பாபிஷேகம். அதில் மகிழ்ச்சிதான். ஆனால் திருப்பணி மதிப்பீடு எந்த ஊரிலிருந்து வந்தாலும் அதே பட்டியல்: கற்சுவருக்கு மணல் வீச்சு, பிரகாரத்துக்குப் பளபளப்பு கிரானைட், விமானத்துக்கு சிமெண்ட் பூச்சு, அதன் மேல் எனாமல் பெயிண்ட், ஒழுகும் மேல்தளத்துக்கு கான்கிரீட். கல்லால் எழுந்த ஆயிரம் ஆண்டுக் கற்றளிக்கும் போன தலைமுறையில் கட்டிய பிள்ளையார் கோயிலுக்கும் ஒரே மருந்து எழுதுகிறார்கள்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கோயில் நம் சொத்து அல்ல. முன்னோர் சுவாமியிடம் ஒப்படைத்தது, நாம் காவலர்கள். காவலுக்கு வந்தவன் பொருளை மாற்றி வைக்கலாமா? சோழர் கல்வெட்டு பலவும் 'பன்மாஹேஸ்வர ரக்ஷை' என்று முடிகிறது. அடியார் கூட்டம் காக்கட்டும் என்று நம்மை நம்பி எழுதிய சொல் அது. அந்தக் கல்லிலேயே காற்றழுத்தத்தில் மணலை அடிக்கிறோம்.

இந்தப் பட்டியலில் எது ஆகும், எது ஆகாது, ஆகாததற்கு மாற்று என்ன? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

கற்றளி

மணல் வீச்சிலிருந்து தொடங்குகிறேன், கேடுகளில் அதுதான் தலை.

கம்ப்ரசரில் சதுர அங்குலத்துக்கு 80, 100 பவுண்டு அழுத்தத்தில் மணல் போய்க் கல்லில் மோதுகிறது. கருங்கல் என்பது ஒரே பொருள் அல்ல. குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா எல்லாம் சேர்ந்தது. குவார்ட்ஸ் தாங்கும். மைக்காவும், வெயில் மழையில் தளர்ந்துபோன ஃபெல்ட்ஸ்பாரும் தெறித்துவிடும். வழவழப்பாக இருந்த முகம் அம்மி கொத்தியது போல் ஆகிவிடும். முதல் மாதம் 'புதுக்கல் மாதிரி' தெரிவது இதனால்தான். தோல் உரிந்த கல் வெளுத்துத்தான் தெரியும்.

அடுத்த மழையிலிருந்து தொல்லை. சொரசொரப்பில் தண்ணீர் நிற்கும், பாசி முன்னைவிட வேகமாகப் பிடிக்கும், எண்ணெய் உள்ளே இறங்கும். ஆறேழு ஆண்டில் பழைய கறுப்பைவிட மோசமான கறுப்பு வரும், திரும்பவும் மணல் அடிப்பார்கள். பல கல்வெட்டுகளில் எழுத்தின் ஆழம் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். ஒருமுறை அடித்தாலே எழுத்தின் விளிம்பு மழுங்கும். இரண்டாம் முறைக்குப் பின் அங்கே எழுத்து இருந்தது என்று நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

இன்னொன்று, இதை யாரும் பேசுவதில்லை. அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது. முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு மூடிய மண்டபத்துக்குள் நாளெல்லாம் குழாய் பிடிக்கும் தொழிலாளிக்கு வரும் நுரையீரல் நோய்க்குத் தீர்க்கும் மருந்து கிடையாது. சுவாமி சந்நிதியைச் சுத்தம் செய்ய ஒரு கூலியாளின் மூச்சை எடுப்பது எந்த தர்மத்திலும் சேராது. அறநிலையத்துறையே இதைக் கூடாது என்று விலக்கியிருக்கிறது. அதனால் இப்போது மதிப்பீட்டில் 'நீர் அழுத்தக் கழுவல்' என்று வருகிறது. அழுத்தம் எவ்வளவு, தண்ணீரில் மணல் கலக்கிறார்களா என்று கேளுங்கள்.

---

அம்பலத்தடியார்

கற்றளி ஐயா சொன்னதில் தவறில்லை. ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. கோயில் அருங்காட்சியகம் இல்லை. தினமும் ஆறு காலம், நான்கு காலம் பூஜை நடக்கும் இடம். எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் வௌவால் எச்சமுமாக இருக்கும் அர்த்தமண்டபத்தில் நைவேத்தியம் வைக்கச் சொல்வீர்களா? பக்தன் நூறு ரூபாய் கொடுத்தாலும் ஆயிரம் கொடுத்தாலும், சுவாமி இருக்கும் இடம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற ஆசையில்தான் கொடுக்கிறான். அதைப் பாமரத்தனம் என்று தள்ளக்கூடாது. உழவாரம் பிடித்த அப்பர் சுவாமிகள் வழி வந்தவர்கள் நாம்.

மணல் கூடாது என்றால் எதைக் கொண்டு சுத்தம் செய்வது? அதைச் சொல்லுங்கள்.

---

கற்றளி

நியாயமான கேள்வி ஐயா. அப்பர் கையில் இருந்தது புல் செதுக்கும் உழவாரம். அந்த அளவு மென்மை நமக்கும் போதும். அழுக்கு எது என்று பார்த்து அதற்கேற்ற வழியை எடுக்க வேண்டும்.

வெள்ளையடித்த சுண்ணாம்புப் படலம்: தண்ணீரில் நனைத்த சாக்கை ஓரிரு நாள் போர்த்தி ஊறவிட்டு, மூங்கில் சீவாலோ மரச் சீவாலோ கொண்டு எடுக்கலாம். இரும்பு உளி, கம்பி பிரஷ் இரண்டும் கூடாது. கம்பி பிரஷ்ஷின் இரும்புத் துகள் கல்லில் தங்கித் துருக்கறை ஆகும். சுண்ணாம்பை எடுக்கும் முன் அதற்கடியில் ஓவியம் இருக்கிறதா என்று ஓரிடத்தில் கையகலம் திறந்து பார்த்தே ஆக வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் உள்சுற்றில் நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பது 1931இல்தான் தெரிய வந்தது. அதுவரை அது அங்கேதான் இருந்தது.

எண்ணெய், கரி: களிமண்ணையோ காகிதக் கூழையோ குழைத்து, அரை அங்குலக் கனத்தில் பற்றுப் போடுவது. காயும்போது அழுக்கை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு பற்றில் போகாது, மூன்று நான்கு போட வேண்டியிருக்கும். பாசிக்கு நைலான் பிரஷ், நிறையத் தண்ணீர், தேவைப்பட்டால் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில் நீர்த்த அமோனியாவோடு உப்புச்சேராத மென்சோப்பு. முடிந்ததும் நல்ல தண்ணீரில் பலமுறை அலச வேண்டும். பாத்ரூம் ஆசிட்டைக் கொண்டுவருபவரை உள்ளே விடாதீர்கள். அது இணைப்புச் சுண்ணாம்பைத் தின்றுவிடும், கல்லில் இருக்கும் இரும்பை மஞ்சள் கறையாக வெளியே இழுக்கும்.

மணல் வீச்சைவிடப் பல மடங்கு நாள் பிடிக்கும், ஆள் கூலியும் கூடும். எதை முதலில் செய்தாலும் கண்ணில் படாத மூலையில் ஒரு சதுர அடியில் செய்து பார்த்து, இரண்டு வாரம் விட்டுப் பிறகு தொடருங்கள்.

---

சுதைவேலன்

விமானம், கோபுரம் பற்றிச் சொல்கிறேன். அடிப்பகுதி கல், மேலே செங்கல்லும் சுதையும் (சுண்ணாம்புச் சாந்து வேலை) என்பதுதான் நம் கோபுரங்களில் பெரும்பாலானவற்றின் அமைப்பு. அந்தச் செங்கல் சுண்ணாம்பில் கட்டியது. சுண்ணாம்பு மூச்சு விடும்: மழையில் ஈரம் வாங்கும், வெயிலில் விட்டுவிடும். சிமெண்ட் இறுக்கமானது, உள்ளே போன ஈரத்தை வெளியே விடாது. விரிசலில் இறங்கிய தண்ணீர் சிமெண்ட் ஓட்டுக்குப் பின்னால் சிக்கி, பழைய செங்கல்லை உப்பாக்கி மாவாக்கும். வெளியே சுதைப் பொம்மை அழகாக இருக்கும், தட்டினால் டொக்கு டொக்கு என்று ஓசை வரும். பிறகு ஒரு நாள் ஓட்டோடு விழும்.

பொம்மையின் கைக்கு உள்ளே வைக்கும் இரும்புக் கம்பி இன்னொரு எமன். துருப்பிடித்தால் இரும்பு 2 முதல் 6 மடங்கு பருக்கும். உள்ளிருந்து பிளந்துவிடும். கோபுரத்தில் கை உடைந்த பொம்மைகளில் பலவற்றுக்குக் காரணம் மழையல்ல, இந்தக் கம்பிதான். செம்புக் கம்பியோ துருப்பிடிக்காத எஃகோ வையுங்கள்.

சுண்ணாம்புக்குக் கணக்கு இருக்கிறது. சுட்ட கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ தண்ணீர்விட்டு நீற்றி, சலித்து, குறைந்தது இரண்டு வாரம் தொட்டியில் தண்ணீருக்கடியில் ஊறப்போட வேண்டும். ஊறாத சுண்ணாம்பில் நீறாத குருணை இருக்கும்; பூசிய பிறகு அது நீறிப் பூச்சைக் கொப்பளமாகத் தள்ளும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு மணல். மணல் ஆற்று மணலானாலும் அரைத்ததானாலும் உப்பும் களியும் இல்லாமல் கழுவியிருக்க வேண்டும். தட்டிய கடுக்காயை ஊறவைத்த நீரும் வெல்லம் அல்லது கருப்பட்டிக் கரைசலும் சேர்த்துச் செக்கில் அரைப்பது வழக்கம். வெல்லம் கூடினால் இறுக நாளாகும், எறும்பும் வரும். எனவே ஒரு அடிக்கு ஒரு அடி மாதிரிப் பூச்சு போட்டு அளவை முடிவு செய்யுங்கள்.

ஒரு பூச்சு 10, 12 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஒன்று இறுகிய பிறகே அடுத்தது. நேர்வெயில் படாமல் ஈரச்சாக்கு போட வேண்டும். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கித்தான் கல்லாகிறது. அதற்கு நாளல்ல, மாதங்கள் வேண்டும். ஒப்பந்ததாரர் சிமெண்ட்டுக்கு ஓடுவது விலைக்காக மட்டுமல்ல, தேதிக்காக. முகூர்த்தத்தை முதலில் அச்சடித்துவிட்டு வேலையைப் பிறகு தொடங்கினால் சிமெண்ட்தான் வரும். இந்த இழையில் யாரும் வேறெதையும் நினைவில் வைக்காவிட்டாலும் இதை வையுங்கள்.

வர்ணம்: எனாமல் வேண்டாம். அதுவும் மூச்சை அடைக்கும். சுண்ணாம்பு அடிப்படையிலான வண்ணமோ, ஈரம் விடும் கனிம வண்ணமோ போதும். கண்ணைப் பறிக்காது. பறிக்க வேண்டியதில்லை.

---

செம்பியன்மகள்

திருப்பணியில் பழையதைக் கழற்றவே கூடாது என்று நம் மரபு சொன்னதில்லை. கழற்றும் முன் என்ன செய்ய வேண்டும் என்று சொன்னது, செய்தும் காட்டியது.

திருமழபாடி வைத்தியநாதசுவாமி கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். பிரிக்கும் முன் அதிலிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுக்கச் செய்தார்கள். அவன் மகன் ராஜேந்திரனின் 14ஆம் ஆண்டில் அவை புதுச்சுவரில் திரும்ப வெட்டப்பட்டன. அரசன் மாறியும், ஆண்டுகள் பல ஓடியும், யாரோ கொடுத்த விளக்குக்கும் யாரோ விட்ட நிலத்துக்கும் இருந்த எழுத்து தொலையவில்லை. சோழ அரசி செம்பியன் மாதேவியார் செங்கல் தளிகளை (கோயில்களை) கற்றளியாக்கியபோதும் இதே நெறிதான். திருக்கோடிகாவில் பழைய சாசனங்களைத் திரும்ப வெட்டி, 'இதுவும் ஒரு பழங்கற்படி' என்று குறித்திருக்கிறார்கள்.

தஞ்சையில் ராஜராஜன் சொன்னது எல்லோருக்கும் தெரியும்: 'நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்' கல்லிலே வெட்டுக என்று. பேரரசன் தன் பெயரோடு 'மற்றும் குடுத்தார்' பெயரையும் சேர்த்தான். இன்று டியூப்லைட்டில், படியில், தரைக்கல்லில் உபயதாரர் பெயர் எழுதுகிறோம். அந்தத் தரைக்கல் மூடுவது பழைய உபயதாரரின் பெயரை. ஒருவர் புண்ணியத்தின் மேல் இன்னொருவர் புண்ணியத்தைப் பதிப்பதற்கு எப்படி மனம் வருகிறது?

தரை உயர்வு உண்மையில் பெரிய கேடு. சுவருக்கு அடியிலுள்ள பீடமான அதிஷ்டானத்தில் கீழிருந்து மேலாக உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை என்று வரிசை. கல்வெட்டு அதிகம் ஜகதியிலும் குமுதத்திலும் இருக்கும். பிரகாரத்தில் ஒவ்வொரு திருப்பணிக்கும் பழைய தளத்தின் மேலேயே மண், கான்கிரீட், கல் என்று அரை அடி ஏற்றினால், இரண்டு மூன்று கும்பாபிஷேகத்தில் ஜகதி புதைந்துவிடும். அபிஷேக நீர் வெளியேறும் கோமுகியிலிருந்து நீர் விழ இடம் இருக்காது. மழைநீர் பிரகாரத்திலிருந்து கருவறையை நோக்கி ஓடும். சுவர் அடியில் உப்புப் பூப்பது அதனால்தான். ஏற்றுவதற்குப் பதில் இறக்குங்கள்: பிற்காலத் தளத்தை நீக்கிப் பழைய மட்டத்தைக் கண்டுபிடித்து, சுவரிலிருந்து வெளிப்பக்கமாக வாட்டம் கொடுங்கள்.

வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு சுவரையும் படமெடுங்கள். பகலில் எடுத்தால் எழுத்து தெரியாது. இரவில் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் மழுங்கிய எழுத்தும் நிழலில் எழும். மைப்படி எடுப்பதற்கு ஆள் வேண்டும்: ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி எழுத்துக் குழிக்குள் இறக்கி, மேலே மை ஒற்றுவது. தொல்லியல் கல்வெட்டுப் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள். படிக்கத் தெரியாதவர் எழுத்தின் மேல் சாக்பீஸ், மைதா, எண்ணெய் பூசக்கூடாது.

கல்லைக் கழற்றும்போது, செதுக்கிய முகத்தில் எண்ணைப் பெயிண்ட்டால் எழுதாதீர்கள், உள்ளே போகும் பக்கத்தில் எழுதுங்கள். வரைபடத்திலும் அதே எண். இது தவறியதால்தான் பல கோயில்களில் கல்வெட்டு தலைகீழாகவும் பாதிப் பாதியாகவும் நிற்கிறது.

---

சிவஞானத்தேசிகன்

ஆகமப் பக்கம் சிறிது. ஜீர்ணோத்தாரணம் என்பது பழுதானதை உத்தரிப்பது, அதாவது தூக்கி நிறுத்துவது. பழுதில்லாததை மாற்றுவதற்கு அதில் இடமில்லை. 'ஆகமத்தில் 12 ஆண்டு என்று சொல்லியிருக்கிறது' என்று நல்ல நிலையில் உள்ள கல்லையும் பெயர்ப்பது தவறு. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சோதித்து, அஷ்டபந்தன மருந்து சாற்றி, குறை தீர்ப்பதுதான் நோக்கம்.

மூலவரிலோ பரிவாரத்திலோ சிறு பின்னம் (உடைவு) இருந்தால் உடனே புதிய திருமேனி என்கிறார்கள். விரல் நுனி, ஆபரண விளிம்பு போன்ற சிறு குறைக்குச் சரிசெய்தல் உண்டு. தலை, உடல் போன்ற பெரிய அங்கம் பிளந்தால்தான் விலக்கல். முடிவைத் தகுதியான ஸ்தபதியும் ஆகமம் கற்ற சிவாசாரியாரும் சேர்ந்து எழுத்தில் தர வேண்டும். விலக்கிய திருமேனியை மதில் ஓரம் போடாதீர்கள். களவு போவதற்கு அதுவே வழி.

அஷ்டபந்தனம், அதாவது திருமேனியைப் பீடத்தோடு பிணைக்கும் எட்டுச் சரக்கு மருந்து: கொம்பரக்கு, சுக்கான் தூள், குங்குலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய். எட்டும் எட்டாக இருக்க வேண்டும். தேன்மெழுகுக்குப் பதில் பாரஃபின், எருமை வெண்ணெய்க்குப் பதில் வனஸ்பதி என்று போனால் இரண்டாம் ஆண்டிலேயே வெடிக்கும். வெடிப்பில் அபிஷேக நீர் இறங்கி ஆவுடையாருக்கு (லிங்கத்தின் பீடத்துக்கு) அடியில் யந்திரம் வைத்த குழியில் நிற்கும், மூலவர் அசையத் தொடங்குவார். சரக்கைத் தனித்தனியாக இடித்துச் சலித்து, வெண்ணெய் விட்டு உலக்கையால் இடைவிடாமல் இடிக்க வேண்டும். கையில் திரித்தால் விரிசல் விடாமல் வளைய வேண்டும். சூடாக இருக்கும்போதே அழுத்த வேண்டும். பழைய மருந்தை முழுதும் எடுத்து, இடுக்கு நன்றாகக் காய்ந்த பிறகே புதியது. ஈரத்தின் மேல் சாற்றினால் பிடிக்காது. சிமெண்ட்டோ எபாக்ஸியோ வைத்து 'நிரந்தரம்' என்பவரை நம்பாதீர்கள். அடுத்த முறை எடுக்கும்போது ஆவுடையார் உடைந்துதான் வரும். மருந்து இளகியும் எடுக்கக்கூடியதுமாக இருப்பதில்தான் அதன் அறிவு இருக்கிறது.

பாலாலயம் செய்து (சுவாமியைத் தற்காலிக இடத்துக்கு எழுந்தருளச் செய்து) கதவடைத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் வேலையை நிறுத்துவதும் பெருங்குறை. பணமும் பொருளும் ஆளும் கைக்கு வந்த பிறகு பாலாலயம் செய்யுங்கள்.

---

பொன்னியின்கரை

தமிழில் குடமுழுக்கு நடத்துவது பற்றியும் பேசலாமே? 2020இல் தஞ்சையில் அந்தப் பேச்சு பெரிதாக எழுந்தது.

மாணிக்கவேல்

பெரிய பொருள் ஐயா, தனி இழை தொடங்குங்கள், வருகிறேன். இங்கே கல்லும் சுண்ணாம்பும் மட்டும் போகட்டும்.

---

வழக்காடி தணிகை

சட்ட வழி. முதலில் கோயில் யாருடையது என்று பாருங்கள். மத்திய தொல்லியல் துறை என்றால் 1958ஆம் ஆண்டுச் சட்டம். 2010 திருத்தப்படி நினைவுச்சின்ன எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை கட்டுமானத்துக்குத் தடை, அதற்கப்பால் 200 மீட்டர் அனுமதியோடு. மாநிலத் தொல்லியல் துறை என்றால் 1966 சட்டம். பெரும்பாலான கோயில்கள் இரண்டிலும் இல்லாமல் அறநிலையத்துறையின் கீழ் மட்டும் இருக்கின்றன. அந்தத் துறையின் கீழ் 40,000க்கும் மேற்பட்ட கோயில்கள் உண்டு. பழைமையும் கல்வெட்டும் இருந்தும் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்ற பெயர் இல்லாதவைதான் அதிகம் அழிகின்றன.

திருப்பணிக்கு மண்டல வல்லுநர் குழு, மாநில வல்லுநர் குழு ஒப்புதல் வேண்டும். உபயதாரர் சொந்தப் பணத்தில் செய்தாலும் வேண்டும். 'என் காசு, என் விருப்பம்' எடுபடாது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கில் கோயில்கள், சிலைகள், தொன்மை பற்றி 75 உத்தரவுகள் பிறப்பித்தது. மனு எழுதும்போது அதைக் குறிப்பிடுங்கள்.

ஊர்க்காரர் செய்யக்கூடியது: தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)இன் கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு. கேட்க வேண்டியவை: மதிப்பீட்டின் முழு நகல், வல்லுநர் குழு ஒப்புதலும் அதன் நிபந்தனைகளும், சுத்தம் செய்யும் முறை, பூச்சுக் கலவை, தரை மட்டக் குறிப்பு. 30 நாளில் பதில் தர வேண்டும். வேலை தொடங்கிய பிறகு கேட்டால் பதில் வருவதற்குள் எழுத்து போய்விடும். பாலாலய அறிவிப்பு வந்த அன்றே அனுப்புங்கள். சண்டைக்குரிய மொழி வேண்டாம், செயல் அலுவலரும் பல நேரம் விவரம் அறியாமல்தான் கையெழுத்திடுகிறார்.

---

அம்பலத்தடியார்

மணல், சிமெண்ட் இரண்டையும் விட்டுவிடுகிறேன். தேசிகர் ஐயா சொன்ன மருந்துக் கணக்குக்கு நன்றி. தரை விஷயத்தில் மட்டும் முழுதும் ஒப்பவில்லை. வெயிலில் வயதானவர்கள் பிரகாரம் வலம் வர வேண்டும், கல் மேடு பள்ளமாக இருந்தால் விழுவார்கள்.

செம்பியன்மகள்

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. ஆனால் பளபளப்புக் கல்தான் மழையில் வழுக்குகிறது, சித்திரையில் பாதத்தைச் சுடுகிறது. கொத்திய முகமுள்ள கருங்கல்லைச் சுண்ணாம்பு, மணல் படுகையில் பழைய மட்டத்திலேயே பதித்தால் இரண்டும் தீரும். இணைப்பில் சிமெண்ட் இல்லாததால் நீர் மண்ணுக்குள் இறங்கும். நடைபாதையில் தேங்காய் நார் விரிப்பும் போடலாம். சுவரை ஒட்டி இரண்டு அடி மட்டும் எப்போதும் திறந்திருக்கட்டும்.

அம்பலத்தடியார்

அப்படியென்றால் சரி அம்மா.

---

சுதைவேலன்

ஒன்று விட்டுப்போனது. கோபுரத்தில் முளைத்த அரசு, ஆல். கயிறு கட்டி இழுக்காதீர்கள். வேரோடு செங்கல் வரிசையே வரும். தண்டை அடியில் வெட்டி, வெட்டுவாயில் துளையிட்டு அன்றே களைக்கொல்லி ஊற்றி மூடுங்கள். வேர் உள்ளேயே பட்டுப்போகட்டும். பிறகு இடுக்கை நீர்த்த சுண்ணாம்புக் கரைசலால் கீழிருந்து மேலாக நிரப்புங்கள். காளத்தி (ஸ்ரீகாளஹஸ்தி) ராஜகோபுரம் 1516இல் எழுந்தது, 2010 மே 26 அன்று சரிந்தது. கோபுரத்தில் விரிசல் கண்டால் பெயிண்ட் அடித்து மறைக்காமல், விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சுண்ணாம்பில் ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது என்று பொருள். அப்போது கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடாமல் சாரம் கட்டக்கூடாது.

மாணிக்கவேல்

தை மாதத்தில் கும்பாபிஷேகம் என்று குறித்துவிட்ட ஊர்களுக்கு எந்த மாதத்தில் எதைச் செய்யலாம் ஐயா?

சுதைவேலன்

எந்தத் தை என்பதுதான் கேள்வி. வரும் தை என்றால் ஐப்பசி, கார்த்திகை மழை நடுவில் வருகிறது. புது சுதை மழையில் கரையும். அப்படியானால் மரம் அகற்றல், ஒழுக்கு அடைத்தல், தரை வாட்டம், மருந்து சாற்றுதல் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டு பொம்மைகளைத் தொடாமல் விடுங்கள். அதற்கடுத்த தை என்றால், இந்த மழை முடிந்து மார்கழியில் படமெடுத்துப் பழுதைக் குறித்து, சுண்ணாம்பை ஊறப்போட்டுவிட்டு, தை பிறந்ததும் பூச்சைத் தொடங்குங்கள். சித்திரை வெயிலுக்கு முன் கடைசிப் பூச்சு முடிய வேண்டும். ஆடிக் காற்றில் காயும், அடுத்த மழை வருவதற்குள் இறுகிவிடும். வண்ணத்தை அந்த மழைக்குப் பிறகு தொடுங்கள்.